மசில் என்ற சொல்லின் எலிகள்

அகராதி அலுவலகத்தில் ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் எழுதுபவரின் வலது கைக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்கு எலி ஓடியது. அன்று அவர் முடித்திருந்த சொல் ‘மசில்’, அதாவது தசை. ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிடமிருந்தும் பிரெஞ்சு லத்தீனிடமிருந்தும் வாங்கியிருந்தன. லத்தீனில் அதற்குக் குட்டி எலி என்று பொருள். கையை மடக்கும்போது தோலுக்கடியில் புடைத்து நகர்வதைப் பார்த்து எந்த மகானுபாவனுக்கோ எலி ஞாபகம் வந்திருக்கிறது. கிரேக்கர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள். இதையெல்லாம் அட்டையில் எழுதிவிட்டு, அலமாரியிலிருந்து கனமான தொகுதி ஒன்றை எடுக்கக் கையைத் தூக்கினார். முழங்கையில் கிளம்பிய எலி அக்குளில் போய்ச் சுருண்டுகொண்டது.

வெளியாள் ஒருவர் படித்து, புரிந்தது என்று கையெழுத்திட்டால்தான் அங்கே ஓர் அட்டை அச்சுக்குப் போகும். ஒன்பது வருடமாக அந்தக் கையெழுத்து அவர் மனைவியுடையது. தையல் கடையில் துணி வெட்டுகிறவள். அன்று மாலையும் படித்தாள், கையெழுத்திட்டாள், பிறகுதான் கணவரின் கையைப் பார்த்தாள்.

சொல்லவே கூசுகிறது, சொல்லாமலும் முடியாது. அந்தக் கையில் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. அதால் கதவைத் தள்ளினால் தோலுக்குள்ளே கீச்சென்றது. சும்மா வைத்திருந்தால் எதையோ கொறித்தது. எட்டு மாதக் குழந்தை அந்தக் கையில் படுத்தால்தான் தூங்கும். அவள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அது போகணும். இல்லன்னா புள்ளையத் தூக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்.”

அட்டையைக் கிழித்துவிடும்படி அவர் அகராதியின் ஆசிரியரிடம் கெஞ்சினார். ஆசிரியர் தன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, “அச்சுக்குப் போயாச்சுங்க,” என்றார்.

ஞாயிறு காலை அவள் பெட்டியைக் கட்டினாள். அவர் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. பெட்டி கனம். தூக்கினாள். அவளுடைய முழங்கையிலிருந்து தோள்வரை, அவருடையதைவிடக் கொழுத்த ஒன்று ஓடியது. பெட்டியைப் போட்டுவிட்டுத் தொட்டியில் குனிந்து குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தியெடுத்தாள்.

“உங்களுக்கு வேற சொல்லே கெடைக்கலையா?”

குழந்தை வீறிட்டது. அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அதை எடுத்தாள். அது அவள் விரலை இறுக்கிப் பிடித்தது. பிஞ்சுக் கைக்குள், இன்னும் மயிர்கூட முளைக்காத, கண் திறக்காத ஒன்று நெளிந்தது. அவள் விரலை எடுக்காமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பால் கொடுத்தாள்.