பின்னால் ஓடிய வேலை

“பின்னால நிக்கிற ஆளோட மொகத்தையும் இந்த மிசினு தேடிக் கண்டுபுடிக்குமாடி?” என்று அப்பா ஒருநாள் சுலக்ஷனாவிடம் கேட்டிருந்தார். இப்போது அவர் நடுவீட்டில் பெட்டிக்குள் புது வேட்டியும் மூக்கில் பஞ்சுமாகப் படுத்திருக்க, அந்த மிசின் அவருடைய தலைமாட்டில் ஒரு ஸ்டூலின் மேல் உலைபோலக் கொதித்துக்கொண்டிருந்தது.

அதன் திரையில் அவளுடைய அண்ணன் தர்ஷன் உறைந்து நின்றான். கட்டாரிலிருந்து லீவு கிடைக்காமல், அப்பாவின் முகத்தை லெப்டொப்பிலாவது பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறான். ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும் படம் நின்றுபோயிருந்ததால், இழவு வீட்டைப் பார்த்து அவன் கண்ணடிப்பதுபோல் இருந்தது.

“மொகத்தக் கொஞ்சம் மாத்தச் சொல்லுங்கப்பா, பாக்கவே நல்லால்ல” என்றார் அழகுமுத்து. தோட்டத்து மரணாதாரச் சங்கத்தின் தலைவர் அவர்தான். கதிரை, கூடாரம், தேத்தண்ணிக் கிடாரம், மைக் எல்லாம் அவருடைய பொறுப்பு. மைக்கைக் கையிலிருந்து இறக்கவே மாட்டார். மெதுவாகப் பேச நினைத்தாலும் அவர் சொல்வது தேயிலை மலை முழுக்கக் கேட்கும்.

தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயம் பள்ளத்தில் இருந்தது. யாருடைய போனிலும் சிக்னல் ஏறாது. கூரைமேல் ஒரு மூங்கில் கம்பை நட்டு, அதன் உச்சியில் இன்டர்நெட் டொங்கிளைக் கட்டி, நீள வயரால் லெப்டொப்பில் செருகியிருந்தார்கள். அப்பாவின் ஏற்பாடுதான் அது. ஆகவே தர்ஷனுக்கு இருந்தது இந்த ஒரே வழி.

“வைரஸ்” என்றான் நிரோஷன். அடுத்த லயத்துப் பையன், மஸ்கெலியாவில் போன் கடை வைத்திருக்கிறான். “உள்ளுக்குள்ள என்னமோ ஒன்னு முழுப் பவரையும் தின்னுக்கிட்டு இருக்கு புள்ள. தொண்ணூத்தேழு வீதம் அதுக்கே போகுது. மிச்சத்துல வீடியோ கோல் எப்பிடி ஓடும்? அதக் கொன்னுருவோம்.”

சுலக்ஷனா ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் இன்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது வெட்கத்தால் மட்டுமல்ல. முழுப் பவரையும் தின்றுகொண்டிருந்தது எது என்று அவளுக்குத் தெரியும். அதை இந்த வீட்டில், இந்த நேரத்தில், அதுவும் காளியாயி அத்தை முன்னால் சொல்ல முடியாது.

காளியாயி அப்பாவின் அக்கா, கந்தப்பளையில் வாக்கப்பட்டவள். பதினோரு வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. அவளுடைய மகள் நிஷாந்தி வயசுக்கு வந்து சடங்கு நடந்தபோது, தாய்மாமன் பெண்டாட்டி என்ற முறையில் முதல் தண்ணீரை ஊற்ற வேண்டியவள் சுலக்ஷனாவின் அம்மா ராக்காயி. நல்ல நேரம் வந்தபோது ராக்காயியைக் காணவில்லை. யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரி ஊற்றினாள். “என் மகளுக்குத் தண்ணி ஊத்த அவ வரல” என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா சொன்னதோ வேறு. விடியற்காலையிலேயே போய்விட்டாளாம். சமையல்காரன் ஏமாற்றிவிட்டதால் கரி பிடித்த பெரிய சமையல் கிடாரத்தைத் தேய்க்க ஆளில்லை என்று கண்டு, பின்பக்கம் உட்கார்ந்து தேய்த்தாளாம். நேரம் வந்தபோது தன்னை யாரும் கூப்பிடவில்லையாம்.

“கூப்புட்டா வந்திருப்பேன்” என்பாள் அம்மா.

“வந்திருந்தா கூப்புட்டிருப்பேன்” என்று கந்தப்பளையிலிருந்து பதில் வரும்.

அப்பாவும் அங்கே இருந்தவர்தான். ஆனால் அவர் சொன்னால் அத்தை கேட்பாளா? “பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசுற” என்று ஒரே வார்த்தையில் அடித்துவிட்டாள். ஆல்பத்திலும் அம்மா இல்லை, டிவிடியிலும் இல்லை. பின்பக்கம் கிடாரம் கழுவுகிறவளை எந்தப் படக்காரன் ஆல்பத்தில் ஒட்டுவான்?

ஆனால் அப்பா தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவர், எதையும் இலேசில் விடமாட்டார். கந்தப்பளையில் மூடிப்போன ஸ்டூடியோக்காரரைத் தேடிப் பிடித்து, வெட்டி ஒட்டாத பழைய வீடியோக்கள் நிறைந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கிவந்தார். “எது எந்த வீட்டு விசேஷம்னு எனக்கே தெரியாது. ஒருக்கா நிப்பாட்டுனா திரும்ப எழும்புறதும் சந்தேகம்” என்று சொல்லித்தான் அவர் கொடுத்தாராம். முகம் தேடும் ஒரு புரோகிராமைச் சுலக்ஷனா கண்டுபிடித்து, அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைக் காட்டி ஓடவிட்டாள். மலைநாட்டுக் கல்யாணங்கள், சடங்குகள், காதுகுத்துகள் அத்தனையிலும் ராக்காயியின் முகத்தைத் தேடி அது நாட்கணக்கில் ஓடியது.

“ஒன்னுமே செய்யாம இருக்கிற மாதிரி இருக்கே, அப்புறம் ஏன் இந்தச் சூடு?” என்று அப்பா தொட்டுப் பார்ப்பார்.

“பின்னால வேல ஓடுதுப்பா. வெளிய தெரியாது.”

“அதான பாத்தேன். ரோலர் ஓடாம மோட்டார் சுடாது. கெடைக்கிற வரைக்கும் ஒங்காத்தாகிட்ட மூச்சு விட்டுராத.”

அம்மாவுக்கு விஷயம் தெரியாது. “இது என்ன, முட்டை வச்சு அடை காக்குதா? தொட்டாலே கொதிக்குது” என்று வைதுகொண்டே, ஈரமான பள்ளிக்கூடச் சட்டைகள் இல்லாத குறைக்கு அப்பாவின் காலுறைகளை அதன் மேல் காயப்போடுவாள்.

தேடி முடியும் முன்னே அப்பா ஸ்டோர் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது லெப்டொப்புக்கு ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஒருவர் ஈரச் சாக்கை மடித்து அடியில் வைத்தார். மீனம்மா பாட்டி அதன் நெற்றியில் திருநீறு பூசினாள். இன்னொருத்தி முறத்தால் விசிறத் தொடங்கினாள். புருஷனைப் பறிகொடுத்த ராக்காயிக்குக்கூட அந்த விசிறல் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தர்ஷனின் மூடியிருந்த கண் திறந்தது.

“அப்பா...” என்றான் அவன்.

இதற்காகவே காத்திருந்த காளியாயி அத்தை ஒப்பாரியை எடுத்தாள்.

“எங்கூடப் பொறந்த சிங்கமே, சீரு கொண்டாந்த தங்கமே... சீரு வந்துச்சு, தட்டு வந்துச்சு, தண்ணி ஊத்த வேண்டியவ வரலையே ராசா...”

காலடியில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மீனம்மாவிடம் மட்டும் கேட்கிறமாதிரி, “பொணத்துக்கு முன்னாலயும் இதே பேச்சுதானா” என்றாள். அழகுமுத்துவின் மைக் பக்கத்தில் இருந்ததால் அது மலை முழுக்கக் கேட்டது.

அதற்குள் படம் மறுபடி நின்றுவிட்டது. சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது. “அத்தை வாய் தொறந்தபடியே நிக்குது. அப்பாவ மறைக்குது. கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க” என்றான் தர்ஷன்.

அத்தை ஒப்பாரியை நிறுத்தி, “வெட்டிருச்சா? முதல்ல இருந்து தொடங்கட்டுமா?” என்று நிரோஷனைக் கேட்டாள்.

“மூனு மணிக்குத் தூக்கணும்” என்றார் அழகுமுத்து, மைக்கில். “பனி எறங்கிருச்சுன்னா மயானத்துக்குப் போற ஏத்தத்துல வழுக்கும். செல்லசாமி நல்லபடியா போய்ச் சேந்துருவாரு, தூக்குறவங்கதான் எலும்ப ஒடிச்சுக்குவாங்க.”

“புள்ள, தள்ளு” என்று நிரோஷன் ஸ்டூலுக்கு முன்னால் குந்தினான். ஓடுகிற வேலைகளின் பட்டியலைத் திறந்தான். எல்லாவற்றுக்கும் மேலே அது சிவந்து நின்றது. அவன் விரல் அதன் மேல் போனது.

“கொல்லாதீங்க” என்றாள் சுலக்ஷனா.

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பேசியதை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறவர்கள்கூட அங்கே இருந்தார்கள்.

“ஏன்?” என்றான் நிரோஷன்.

“அது... அப்பா வச்சது.”

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. செத்தவர் வைத்தது என்றால் தொட யோசிப்பார்கள். நிரோஷன் கையை எடுத்துக்கொண்டு, “அப்ப தர்ஷன் அண்ணன்?” என்று மட்டும் கேட்டான்.

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. அதை நிறுத்தினால் ஹார்ட் டிஸ்க் எழும்பாது. அப்பா கடைசியாகத் தொடங்கிய காரியம் அரைகுறையில் போகும். நிறுத்தாவிட்டால் அண்ணன் அப்பாவின் முகத்தைக் காணாமலே பெட்டி மூடப்படும். வெளியே தப்பு அடிப்பவர்கள் நெருப்பு மூட்டி அதன் தோலைக் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் ஸ்டூலுக்கு முன்னால் மண்டியிட்டு, சிவந்த வரியின் மேல் வலது பக்கம் அழுத்தினாள். நீளமாக ஒரு பட்டியல் விழுந்தது. கொல்வதற்கு மேலே இன்னொன்று இருந்தது: எந்த வேலைக்கு முதலிடம், எந்த வேலைக்குக் கடைசி இடம் என்று. அவள் தேடலைக் கடைசியில் தள்ளினாள். மற்றவர்கள் தின்று மிச்சம் வைத்தால் நீ தின்னு என்று அதற்குச் சொல்லியாயிற்று. பந்திக்கு எப்போதும் கடைசியாக உட்காரும் அம்மாவின் நினைவு வந்தது.

விசிறி இரைந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் படம் அசைந்தது. தர்ஷன் இரண்டு கண்களாலும் விழித்தான். மூக்கைத் துடைத்தான்.

“தெரியுது” என்றான். “அப்பா தெரியுறாங்க.”

அழகுமுத்துகூட மைக்கை இடுப்புக்குக் கீழே இறக்கினார். தர்ஷன் வெகுநேரம் பார்த்தான். “சவரம் யாரு செஞ்சது? மீசை ஒரு பக்கம் கூடுதலா இருக்கு” என்றான், அழுதுகொண்டே. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கூடுதலாகத்தான் இருந்தது. அம்மா எழுந்துபோய் விரலால் அதை ஒதுக்கிவிட்டாள்.

பெட்டியை மூட அதன் மூடியைத் தூக்கினார்கள். அப்போது லெப்டொப் ‘டிங்’ என்றது.

தர்ஷனின் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு படம் எழும்பி நின்றது. முன்னால் அரக்குப் பட்டில் காளியாயி அத்தை, பதினோரு வருஷம் இளையவளாக. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, யாரோ வரவேண்டியவரைப் பார்ப்பதுபோல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், புகைக்கு நடுவே ராக்காயி புதுச் சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கைவரை கரியோடு, ஒரு கிடாரத்துக்குள் பாதி உடம்பை விட்டிருந்தாள். பக்கத்தில் அப்பா செல்லசாமி கேனால் தண்ணீர் ஊற்றியபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் ஒருவர்தான் கெமராவைப் பார்த்திருந்தார்.

“என்னது அது? எனக்குத் தெரியலையே” என்றது தர்ஷனின் குரல், படத்துக்குப் பின்னாலிருந்து.

அத்தை ஸ்டூலுக்குக் கிட்டே வந்து குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். படத்திலிருந்த தன்னையும் பின்னாலிருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். ஆனால் அவள் பார்த்தது சிரிக்கிறவரை.

“தூக்குவோமா?” என்றார் அழகுமுத்து, மைக் இல்லாமல்.

தப்பு அதிர்ந்தது. பெட்டி வாசலைத் தாண்டும்போது அத்தை ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள். சீரும் வரவில்லை, தட்டும் வரவில்லை. “தம்பி” என்ற ஒரு சொல்தான் வந்தது.

ஆண்கள் ஏற்றத்தில் மறைந்த பிறகு வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. பெண்கள் குளிக்க, லயத்தின் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனார்கள். சுலக்ஷனா தனியாக இருந்து கூடத்தைக் கழுவிவிட்டாள். லெப்டொப்பின் விசிறி நின்றிருந்தது. தொட்டுப் பார்த்தாள், ஆறிக்கிடந்தது.

காளியாயி அத்தை வரும்போதே சுலக்ஷனாவிடம் சொல்லியிருந்தாள்: மொகத்தப் பாத்துட்டு சாயங்கால பஸ்ல போயிருவேன், நாளைக்குப் பால் தெளிக்க எல்லாம் நிக்க மாட்டேன், பஸ் வந்தா கூப்புடு. அவளுடைய பை கதவோரத்தில் சாய்ந்திருந்தது.

பள்ளத்து வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. சுலக்ஷனா பையை எடுத்துக்கொண்டு லயத்தின் பின்பக்கம் ஓடினாள்.

குளித்த பெண்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். பீலியடியில், சங்கத்துத் தேத்தண்ணிக் கிடாரத்துக்குள் அத்தை பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை கரி. அம்மா ஈரத் தலையோடு பக்கத்தில் நின்று கேனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பேசவும் இல்லை.

ஹோர்ன் இரண்டாம் தடவை கேட்டது. சுலக்ஷனா வாயைத் திறந்தாள். பிறகு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள்.