கெமிஸ்ட்ரி வேண்டாம்

மலர்விழி அந்தத் தாளை என் மடியில் வைத்தாள். பேனா மூடியையும் அவளே கழற்றிக் கொடுத்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து போடு தாத்தா. அப்பா இல்லாததால ஃபார்ம்ல உன் பேரத்தான் கார்டியன்னு குடுத்திருக்கேன்."

நான் மூன்றாவதோடு நின்றவன். என் பெயரை மட்டும் எழுதுவேன். படிக்கத் தெரியாதவனிடம் நீட்டுகிற தாள் அவனுக்கு நல்லது செய்து நான் பார்த்ததில்லை. இன்னா எழுதியிருக்குது, படி என்றேன்.

படித்தாள். கள்ளக்குறிச்சி காலேஜில் அவள் சேர்ந்திருப்பது விலங்கியல். அதுதான் மெயினாம். அதற்குத் துணையாக இன்னொரு பாடம் எடுக்க வேண்டும், அலைடு என்று பேர். செடி கொடியைப் பற்றிய பாட்டனி எடுக்கலாம், இல்லையென்றால் கெமிஸ்ட்ரி. கெமிஸ்ட்ரி கட்டத்தில் டிக் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தாள். நாளைக்குத் தாளைக் கொடுக்காவிட்டால் அவர்களே எதிலாவது தள்ளிவிடுவார்களாம்.

"செடி கொடிய எடு" என்றேன்.

"ஏன்?"

"கெமிஸ்ட்ரின்னா ஆசிட்டுல கைய வுடணும். கண்ணுல தெறிச்சா இன்னா பண்ணுவ?"

மருமகள் நிர்மலா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "மாமாவுக்கு ஆசிட்டுன்னா பயமாம். கண்டதையும் வாயில ஊத்திக்கறப்ப அந்தப் பயம் எங்க போச்சாம்?"

பேசட்டும். பேச வேண்டியவள்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதம் எங்கள் கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் வரிசையாகச் செத்தார்களே, அதில் அவள் புருஷன் செல்லமுத்துவும் ஒருத்தன். என் மகன். காலையில் ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாக்கெட்டைப் பிரித்துத்தான் குடித்தோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். "அப்பா, ஜன்னலத் தொறக்கச் சொல்லு, இருட்டா கீது" என்றான். பகல் பன்னிரண்டு மணி. ஜன்னல் திறந்துதான் இருந்தது, வெயில் அவன் முகத்திலேயே அடித்தது. சாயந்திரத்துக்குள் போய்விட்டான்.

எனக்கு நாலு நாள் வாந்தி, அதோடு சரி. கெட்டி உசிரு என்றார்கள். எமனே இந்தக் கெழவன் வேணாம்னு தள்ளிவுட்டுட்டான் என்று பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நானும் தலையாட்டிக்கொண்டேன்.

மலர்விழி என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தாத்தா, சீனியர் அக்கா ஒண்ணு சொன்னாங்க. அந்த விஷம் ஏறினவங்களுக்கு நல்ல சாராயத்தையே மருந்தா குடுக்கறது உண்டாம். நல்லது உள்ள இருந்தா, அந்த விஷம் ஏறாம நிறுத்தி வெக்குமாம். அது எப்படின்னு கெமிஸ்ட்ரி படிச்சாதான் புரியுமாம்."

"எவளோ சொன்னா நம்பிடுவியா?"

"நம்பல. அதான் படிக்கணும்ங்கறேன். ஒரே பாக்கெட்டு, ரெண்டு பேரு குடிச்சீங்க. அப்பா செத்துப்போச்சு, நீ இருக்கற. ஏன்னு எனக்குத் தெரியணும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வேற எதுனா குடிச்சீங்களா பெரியவரே?" என்று மூன்று தடவை கேட்டார். போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று மூன்று தடவையும் இல்லை என்றேன்.

குடித்திருந்தேன். அந்தப் பாக்கெட்டைக் குடித்ததற்கு முந்தின நாள் நைனார்பாளையத்தில் ஒரு சாவுக்குக் குழி வெட்டப் போனேன். வெட்டினவனுக்கு டாஸ்மாக் கடைச் சரக்கு ஒரு குவார்ட்டர் கொடுப்பார்கள். அதைச் சுடுகாட்டிலேயே குடித்து முடித்துவிட வேண்டும், வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. நான் இடுப்பில் செருகிக் கொண்டுவந்து கூரைச் சந்தில் ஒளித்து வைத்தேன். மறுநாள் பாக்கெட்டு தீர்ந்ததும் செல்லமுத்து கேட்டான், "உடம்பு வலி போவலப்பா. வேற எதுனா வெச்சிருக்கியா?"

குழி வெட்டின சரக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தேன் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்ல?

"இல்லடா" என்றேன். அவன் போய்ப் படுத்துக்கொண்டான். நான் கொல்லைப் பக்கம் போய் முழு பாட்டிலையும் ஒருத்தனாகவே குடித்தேன்.

தினமும் கேட்கிறான். பல் விளக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சோற்றில் கை வைக்கும்போது. வேற எதுனா வெச்சிருக்கியா?

"இன்னா தாத்தா, போடு."

"அந்த விஷத்தப் பத்தின பாடம் எப்ப வரும்?"

"தை பொறந்து வரும்."

தைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடலாம், சேராமலும் இருக்கலாம். மாட்டேன் என்று தாளைக் கிழித்தாலும் இந்தப் பெண் விட மாட்டாள். நாளைக்கே ஏன் என்று கேட்பாள். பொன்னுரங்கம் என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். அவள் தாளை எடுத்து, மை காய வாயால் ஊதினாள்.

"நிர்மலா, கோட்டு காஞ்சிச்சா பாரு" என்று அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி பண்ணினாள். எத்தனை சந்தோஷம் அவளுக்கு.

"ஒதை வாங்குவ. நீயே போய்ப் பாருடி."

அப்போதுதான் வெளியே பார்த்தேன். நான் சரி சொல்வதற்கு முன்பே, சீனியர் பெண்ணிடம் பழைய லேப் கோட்டு ஒன்றை வாங்கித் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். வாசல் கொடியில் அது மட்டும் தொங்கியது. வெள்ளை. உள்ளே காற்று புகுந்ததும் மார்புப் பக்கம் உப்பியது. ஒரு கை மெல்லத் தூக்கிக்கொண்டு, எதையோ கேட்பது போல என் பக்கம் நீண்டது. இன்னொரு கையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.