பத்து இருபது மணி மாத்திரை

1.

“அழிக்க மாட்டேன் சார்! வேணும்னா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க!”

“எதை அழிக்கச் சொல்றாருடி? இன்னா கத்து கத்தற!” இது அடுப்படியிலிருந்து, போனில் கத்திய எப்சியின் அம்மா கிரேஸி.

“நீ சும்மா இரும்மா! ஐயோ, உங்களை இல்ல சார்.”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். சத்துவாச்சாரியில் எங்கள் மாடிக்கும் எப்சி வீட்டு ஜன்னலுக்கும் நடுவே கையகல இடம்தான். நான் துணி காயப்போடத்தான் போனேன். (காய்ந்த துணியையே மறுபடி எடுத்து உதறினேன் என்பது வேறு விஷயம்.)

2.

‘எப்சி கண்ணீர் மல்க’ என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அழுகிற ரகமில்லை அவள். ‘இயந்திர யுகத்தில் மனித மனம்’ என்று இன்னொரு தொடக்கம்... எனக்கே கொட்டாவி வந்தது.

நேராகவே சொல்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு எப்சியின் ஆபீஸ் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறது. புது பில்டு, அதாவது திருத்தி எழுதிய பதிப்பு, வந்தால் முதலில் சோதிப்பவள் எப்சி. அதற்காகவே அந்தக் கம்பெனி ஸ்டோர் கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்து இவள் லேப்டாப்புக்குள் குடிவைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர், கெஸ்ட் என்று பெயர். அதில் பில்டைப் போட்டு எப்படி வேண்டுமானாலும் கெடுக்கலாம். ஒரு பட்டனைத் தட்டினால் போதும், கடிகாரம் உட்பட, நகலெடுத்த அந்தக் காலைக்கே திரும்பிவிடும்: மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பத்து பதினெட்டு. (குடும்பத்துக்கு இப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். சிரித்தாள்.)

இரண்டே நிமிடத்தில் திரை மூலையில் ஒரு கட்டம் எழும்பும். ஸ்டோர் கீப்பர் செல்வகுமார் தனக்குத்தானே எழுதி வைத்தது: ‘அம்மாவுக்கு மாத்திரை. போன் பண்ணிக் கேளு.’

ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. முகம் தெரியாத ஒருவனின் அம்மாவுக்காக எப்சி மூன்று வருஷமாக ‘சரி’ அமுக்கிக்கொண்டிருந்தாள்.

3.

வினையும் அங்கேதான் வந்தது. செவ்வாய்க்கிழமையைத் தாண்டாத கெஸ்ட் ஏப்ரல் மாதத்தைப் பார்த்ததே இல்லை. ஆம்பூரிலோ ஏப்ரல் ஒன்றாம் தேதி தோல் லாட் நம்பர்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எப்சி ‘பாஸ்’ போட்டு அனுப்பிய பில்டு பழைய ஒன்றாம் நம்பரையும் புது ஒன்றாம் நம்பரையும் குழப்பி, கறுப்புத் தோல் போக வேண்டிய இடத்துக்குப் பழுப்பை அனுப்பியது.

மேனேஜர் ஞானசீலன் சொன்னது நியாயம்தான்: ஆம்பூர் போ, புதிதாக நகலெடு, பழசை அழி.

“அவர் சொல்றதுல இன்னா தப்பு?” என்று கேட்டேன்.

“அழிச்சிட்டா அந்தம்மாவுக்கு யாரு ஆன்ட்டி ஞாபகப்படுத்துவாங்க?”

பைத்தியம் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆனாலும் கேட்டாள்.

4.

[இனி நான் நேரில் பார்க்காதது. பாதி எப்சி சொன்னது, மீதி நான் வைத்துத் தைத்தது. தையல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.]

செல்வகுமாரை உயரமாக எழுதியிருந்தேன். “இல்ல ஆன்ட்டி, குள்ளம்” என்று திருத்தினாள், வேண்டாத அவசரத்தோடு.

ஸ்டோரில் புது நகல் ஏறிக்கொண்டிருந்தது. மணி பத்து இருபது. அவன் திரையில் எதுவும் எழும்பவில்லை. எப்சிக்குப் பொறுக்கவில்லை.

“அம்மாவுக்கு மாத்திரை... போன் பண்ணலைங்களா?”

அவன் திரும்பினான். “உங்களுக்கு எப்டிங்க தெரியும்?”

சொன்னாள்.

“அவங்க போய் ரெண்டு வருஷம் ஆகுதுங்க. அந்த ரிமைண்டரை எடுக்கறதுக்கே எனக்கு ஆறு மாசம் ஆச்சு.” அவள் லேப்டாப் பையைக் காட்டி, “உங்ககிட்ட இன்னும் வருதா?”

“டெய்லி. ஏழெட்டுத் தடவை. நான் சரின்னு அமுக்கிடுவேன்.”

“அப்போ டோஸ் ஜாஸ்தியா போயிருக்குமே” என்றான். சிரிக்கத்தான் பார்த்தான்.

[இங்கே ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

எப்சி லேப்டாப்பைத் திறந்தாள். பத்து பதினெட்டு. இருவரும் திரை மூலையைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். கட்டம் எழும்பியது.

5.

முடிவு அ: அவனே ‘சரி’ அமுக்குகிறான்.

முடிவு ஆ: அவன் போனை எடுத்து அந்தப் பழைய நம்பரை... வேண்டாம், எனக்கே தாங்காது.

முடிவு இ: யாரும் எதையும் அமுக்கவில்லை, கட்டம் அப்படியே நிற்கிறது.

எப்சியையே கேட்டேன். “அதை மட்டும் கேக்காதீங்க ஆன்ட்டி” என்றாள். என்னிடமே! ஆகவே அந்தப் பட்டன் உங்கள் கையில். ஞானசீலனிடம் மட்டும், “லேப்டாப்ல அழிச்சாச்சு சார்” என்றாளாம்.

6.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஞானசீலன் கோயம்புத்தூருக்கு மாறிப் போய்விட்டார். கல்யாணம் சர்ச்சிலா ரிஜிஸ்டர் ஆபீசிலா என்று கிரேஸி மூன்று மாதம் பேஜார் பண்ணி, கடைசியில் பிரியாணி பத்துமா என்ற கவலையில் அதை மறந்துபோனாள். போன பிப்ரவரியில் எப்சியும் செல்வகுமாரும் ஆம்பூரில் குடியேறினார்கள்.

சாமான் கட்டிய அன்று, புடவைகளுக்கு நடுவே பூத்துவாலையில் சுற்றி ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்தாள். என் கண்ணில் படாமல் போகுமா?

“இன்னாடி அது?”

“மாமியார், ஆன்ட்டி. மேல எதுவும் வெச்சிடாதீங்க.”