இன்னும் கொஞ்சம் சத்தமா

சக்கர நாற்காலி தரையில் ஓடிய கேபிளில் சிக்கி நின்றது. மூத்தவன் குனிந்து எடுத்துவிடுவதற்குள் அம்மா அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"இங்க என்னடா நிக்கிற? முன்னாடி தள்ளு."

"முன்னாடி ஸ்பீக்கர் இருக்கும்மா. உன் நெஞ்சு தாங்காது."

"நூல் மில்லு சத்தத்தையே தாங்கின நெஞ்சுடா. தள்ளு."

மில் வேலை அவள் காதில் பாதியைத் தின்றிருந்தது. எதையும் அவளிடம் கத்தித்தான் சொல்ல வேண்டும். படுக்கையை விட்டு எழுந்தால் ஆபத்து, படுத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதையும் அவன் கத்தித்தான் சொன்னான். "படுத்துக்கிட்டே ஓட்டி என்ன பண்ண? சின்னவ பாடுறத ஒரு தடவ பாக்கணும், கூட்டிட்டுப் போ" என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஏசி ரிப்பேருக்குப் போகும் தன் வேனில் அவளை ஏற்றினான். தங்கையிடம் சொல்லவில்லை.

தங்கையின் பேண்டு கச்சேரி நடந்த இடம் ஒரு பழைய கிடங்கு. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு, வியர்வை நெடி. தங்கையின் பாட்டு அவனுக்கு எப்போதும் வெடிக்கப்போகும் கம்ப்ரஸர் போலத்தான் கேட்கும். இன்று நிஜமாகவே வெடித்தது. முதல் பாட்டிலேயே ஃபியூஸ் போயிற்று. கரண்ட் திரும்பியதும், 'இடி' என்று எல்லோரும் கூப்பிடும் டிரம்ஸ்காரன் அடித்த அடியில் சிம்பல் தட்டு ஸ்டாண்டோடு கூட்டத்துக்குள் விழுந்தது. யாரோ அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, அவன் எட்டி எட்டி அங்கேயே அடித்தான். கிதார்க்காரனுக்குக் கம்பி அறுந்தது. அவன் நிறுத்தவில்லை. சின்னவள் மேடையிலிருந்து கூட்டத்தின் மேல் பாய்ந்தாள். கைகள் அவளைத் தாங்கி ஆளுக்காள் கடத்தி வந்து, நாற்காலிக்கு எதிரே இறக்கிவிட்டன.

அம்மாவைப் பார்த்தாள். ஒரு கணம் பாட்டு நின்றது. அப்புறம் மண்டியிட்டு மைக்கை அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

"ஏ...ய்!"

கிடங்கு முழுக்க அதிர்ந்தது. கூட்டம் அதே "ஏய்"யைத் திருப்பிக் கத்தியது. அம்மா நாற்காலிக் கையைப் பிடித்து எம்பி மறுபடி கத்தினாள். தரை நடுங்கியது. பையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்த பிறகுதான், தானும் குதித்துக்கொண்டிருப்பது மூத்தவனுக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் அம்மா வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வீட்டை நெருங்கும்போது, "நல்லாத்தான் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் சத்தமா வெச்சிருக்கலாம்" என்றாள்.

அவன் வேனை நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து கதவைத் திறந்தான். சீட் பெல்ட்டை அவளே கழற்றியிருந்தாள். கொக்கி கையிலேயே இருந்தது. உயிர் இல்லை.

மறுநாள் காலை வந்த பெரியம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரே, எதுக்குடா கூட்டிட்டுப் போன?"

அவன் தலை குனியவில்லை.

"கேட்டாங்க, கூட்டிட்டுப் போனேன். மறுபடி கேட்டாலும் கூட்டிட்டுத்தான் போவேன் பெரியம்மா."

பெரியம்மா அவனையே பார்த்தாள். அப்புறம் சுவரோரமாக உட்கார்ந்தாள். "கத்தினாளாமே?" என்றாள்.

"கிடங்கே அதிர்ந்துச்சு."

"அதிரும். மில்லுல நான் எதிர் வரிசை. அவ கூப்பிட்டா கடைசி மெஷின் வரைக்கும் கேக்கும்." முந்தானையால் மூக்கை அழுத்தித் துடைத்தாள்.

சின்னவளுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. அழ வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. மூத்தவன் அவள் கையில் வெந்நீர் தம்ளரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். குடிக்காமல் வைத்திருந்தாள். அவன் மேல் சாய்ந்துகொண்டாள்.

உள்ளறைக் கட்டிலில் கிடத்தியிருந்த அம்மாவைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாசலில் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற பேண்டு ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அறைக் கதவு குறுகல். இடி தலைமாட்டைப் பிடித்தான், கிதார்க்காரன் கால்மாட்டை. உதட்டசைவிலேயே "மெதுவா" சொல்லிக்கொண்டு, கட்டிலைச் சாய்க்காமல், நிலையில் இடிக்காமல் கொண்டுவந்தார்கள். சின்னவளுக்கு எதிரே, ஒவ்வொரு காலாக, துளி ஓசை இல்லாமல் தரையில் இறக்கி வைத்தார்கள்.