பச்சைக் கோடு பொய் சொல்லாது

1986-இல் திண்டுக்கல்லில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர்கள் எல்லாரும் காதால் கேட்டு, விரலால் தொட்டு, ஷாக் வாங்கித்தான் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். நான் மட்டும் கண்ணால் பார்த்தேன். ஏனென்றால் இந்த ராயப்பராஜிடம் ஆசிலோஸ்கோப் இருந்தது! ஏதோ ஒரு கல்லூரி லேபில் ஏலம் விட்டபோது, வேறு யாரும் கை தூக்காததால் எனக்கு வந்து சேர்ந்தது. ஏன் யாரும் தூக்கவில்லை என்று யோசிக்கும் புத்தி இருந்திருந்தால், இந்தக் கதையே கிடையாது.

உள்ளே முப்பது வால்வு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். சுவிட்சைப் போட்டால் சூடேறி நிதானத்துக்கு வர அரை மணி நேரம். அதற்குள் கடை அடுப்பங்கரையாகிவிடும். பிறகு வட்டக் கண்ணாடியில் பச்சையாக ஒரு கோடு வரும். ரேடியோவுக்குள் மின்சாரம் எப்படி ஆடுகிறதோ, அப்படியே கோடும் ஆடும். கன்னிவாடியிலிருந்துகூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். டாக்டர் போடுகிற வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டேன். ஆமாம், தைத்துக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எந்த செட்டை மாட்டினாலும் கோட்டில் ஒரு நெளிவு தெரிந்தது. நெளிந்தால் செட்டுக்குள் 'ம்ம்ம்' என்று உறுமல் இருக்கிறது, அதை அடக்குகிற கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். ஊரில் நல்ல கண்டென்சரே இல்லை என்று முடிவுகட்டி, வந்ததையெல்லாம் மாற்றித் தள்ளினேன்.

பேகம்பூர் அப்துல் லத்தீப் பாய் முப்பது வருஷமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து, காதால் கேட்டே சத்தத்தைச் சரிசெய்வார். வருஷத்துக்கு ஒருமுறை தூசி தட்ட ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவருவார். அந்தத் தடவை மிஷினில் மாட்டினேன். நெளிந்தது.

"எனக்கு உறுமல் ஒண்ணும் கேக்கலையே மாப்ள."

"ஒங்க காதுக்குக் கேக்காது பாய். வயசாகுதுல்ல? பச்சைக் கோடு பொய் சொல்லாது, இந்தா பாருங்க."

பார்த்தார். மூன்று தடவை கண்டென்சர் மாற்றியும் நெளிவு போகாததால், "அம்புட்டுத்தான் பாய், இது முடிஞ்சு போச்சு" என்று தீர்ப்பும் சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை ஹார்ன், மைக், வயர் எல்லாவற்றையும் கொடைரோட்டு மச்சானிடம் கொடுத்துவிட்டுத் தொழிலையே விடப்போவதாகச் சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரி அல்போன்சா சோறு கொண்டுவந்தாள். திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல ஒண்ணுமே மாட்டலையே, பெறகு எதுக்கு நெளியுது?"

"அடி மக்கு! வயர் சும்மா கெடந்தா காத்துல இருக்குற கரண்டை இழுக்கும். ரெண்டு முனையையும் ஒண்ணாச் சேத்தாக் கோடு நேரா நிக்கும், பாரு" என்று சேர்த்தேன்.

நிற்கவில்லை. நெளிந்தது.

மிஷின் வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய சோதனை அது. கழற்றிப் பார்த்தால், மிஷினுக்குள் இருந்த கண்டென்சர்தான் வீங்கி ஒழுகிக் கிடந்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நான் ஊரிலுள்ள கூடத்தையெல்லாம் இடித்துக் கட்டியிருக்கிறேன்.

"மக்கு யாருன்னு தெரிஞ்சு போச்சு. சோத்தைப் பெறகு திங்கலாம், மொதல்ல பாய் வீட்டுக்குப் போங்க" என்றாள்.

சைக்கிளை மிதித்துக்கொண்டே நல்ல பொய்யாகத் தேடினேன். வால்வின்மேல் பழி போடலாமா, வோல்டேஜ்மேல் போடலாமா? பாய் வாசலில் உட்கார்ந்து வயரைச் சுற்றிச் சாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு பொய்யும் வரவில்லை.

"பாய், ஒங்க ஆம்ப்ளிஃபயர்ல கோளாறே இல்ல. எம் மிஷின்லதான் உறுமல். நான் ஒரு மடையன் பாய்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப எங் காது?" என்றார்.

"என்ன பாய்?"

"காது போயிருச்சுன்னு நெனச்சேன் மாப்ள. நீ காட்டுனது கண்ணுக்குத் தெரியுது, காதுக்குக் கேக்கல. அதான் தொழிலை விடுறேன்னேன். வீட்ல கூடச் சொல்லல."

எனக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. "ஒங்க காது நல்லாத்தான் இருக்கு பாய்" என்றேன்.

அவர் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவந்து, ஹார்னை மாட்டி, வால்வு சூடானதும் சத்தத்தை முழுக்கத் திருகினார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தேன்.

"செத்த நேரம் பேசாம இரு மாப்ள."

இருந்தேன். உறுமல் இல்லை.

"இதேதான்," என்றார், கண்ணைத் திறக்காமல். "அன்னைக்கும் எனக்கு இதேதான் கேட்டுச்சு."