மின்னி தோண்டிய குழி

ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்ததும் முதலில் மின்னிதான் இறங்கப் பார்த்தது. தேன்மொழி அதன் கழுத்துப்பட்டையை எட்டிப் பிடித்து, "இரு, அவர இறக்கட்டும்" என்றாள். பிரவீனும் இன்னும் மூன்று பேரும் பவன்குமாரை இறக்கினார்கள். அண்ணனின் தலையைத் தாங்கியிருந்த பிரவீன் அழுதுகொண்டே நாயைப் பார்த்து முகம் சுளித்தான்.

திருப்பதியில் அதை விட்டுவர ஆளில்லை. பவன்குமார் அங்கே ஒரு பெரிய வீட்டில் டிரைவர். அந்த வீட்டின் பின்புறமிருந்த ஒற்றை அறையில் அவனும் தேன்மொழியும் ஆறு வருடம் குடியிருந்தார்கள். நேற்றுக் காலை காரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் பக்கெட்டோடு சாய்ந்தான். முப்பத்தாறு வயது. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் போனில் வருத்தம் சொன்னார். புது டிரைவர் வருவதால் பதினைந்து நாளில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வைத்தார். தேன்மொழிக்குத் தாயும் தகப்பனும் இல்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன் இன்னும் போனை எடுக்கவில்லை. சித்தூருக்கு அப்பால் இருக்கும் இந்த மாமியார் வீட்டைத் தவிர அவளுக்குப் போக இடமில்லை.

"இன்னாடி இது, நாயா கீரிப்புள்ளையா?" என்று கேட்டாள் பொன்னியம்மா, மாமியாரின் நாத்தனார்.

கேட்டதில் தப்பில்லை. ஒரு சாண் உயரம், மூன்று சாண் நீளம். காதிலும் மார்பிலும் வாலிலும் செம்பட்டை முடி பட்டுக்குஞ்சம் மாதிரி தொங்கியது. வீட்டுக்காரரின் மகள் கனடா போகும்போது விட்டுச்சென்றது. எட்டு மாதமாகப் பவன்குமாரின் பிள்ளை. மிருக வைத்தியர் சொன்னதையெல்லாம் அவன் மனப்பாடம் செய்து மனைவியிடம் ஒப்பிப்பான்.

"நீளமுடி டாக்ஸண்டு. வளைக்குள்ள பூந்து மிருகத்தப் புடிக்கறதுக்குன்னே ஜெர்மனிக்காரன் உண்டாக்கினது. அதான் காலு குட்டை. மண்ணக் கண்டா பறிக்கும். அது அதோட பொறப்பு."

ஞாயிறுதோறும் காதோரச் சிக்கைச் சீப்பால் எடுத்துவிடுவான். கட்டிலிலிருந்து குதித்தால் முதுகெலும்பு நழுவிவிடும் என்று தரையிலேயே பாய் விரித்து அதன் பக்கத்தில் படுப்பான். பிடிவாதம் பிடித்த நாய். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும்.

அதை முருங்கை மரத்தில் கட்டிவிட்டு, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் தேன்மொழி உட்கார்ந்தாள். மாமியார் கங்கம்மாள் மகனின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். பெண்கள் தோள்களைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள்.

பொன்னியம்மாதான் முதலில் பார்த்தாள். "கங்கம்மா, அங்க பாரு. சாவு வூட்ல குழி பறிக்குது."

ஒப்பாரி நின்றது. மின்னி முன்னங்கால்களால் மரத்தடியை வாரி வாரிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. தலை உள்ளே போய்விட்டது. செம்மண் குவிந்திருந்தது.

"எந்தக் காலு இந்தக் குடும்பத்துல வந்து பட்டுதோ" என்றாள் கங்கம்மாள். அவள் பார்த்தது நாயை அல்ல. மருமகளின் கால்களை.

"ஆறு வருசம். ஒரு புள்ளைக்கு வழியில்ல" என்றாள் பொன்னியம்மா. "இப்ப ஆளையும் துன்னுட்டு வந்து குந்திக்கினு கீறா."

எல்லாக் கண்களும் தேன்மொழியின் மேல் வந்து நின்றன. இது பிறவியிலேயே தோண்டுகிற நாய் என்று சொல்லியிருக்கலாம். சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"அங்கியும் தோண்டிச்சு அத்தை" என்றாள். "போன வாரம். எங்க ரூம் வாசல்ல, ஒரு ஆளு படுக்கற நீளத்துக்கு. இவரு சிரிச்சிக்கினே மண்ணத் தள்ளி மூடினாரு."

அந்த வாசல் முழுக்கச் சிமெண்ட்.

கங்கம்மாளின் பார்வை அவள் காலிலிருந்து மெல்ல விலகியது. அதை விடாமல் தேன்மொழி தொடர்ந்தாள். "அது வந்த நாள்லேர்ந்துதான் நெஞ்சு வலின்னு சொல்லிக்கினு இருந்தாரு. வாணாம், தள்ளி வுட்டுருங்கன்னு தலையால அடிச்சிக்கினேன். கேக்கல."

"பீடை" என்றாள் கங்கம்மாள். "பிரவீனு, எம்புள்ளைய எடுக்கறதுக்குள்ள அது இங்க இருக்கக்கூடாது."

பிரவீன் கம்பை எடுத்தான். முதல் அடி இடுப்பில் விழுந்தது. மின்னி கத்திக்கொண்டு சுற்றியது. கயிறு மரத்தில் சிக்கி இறுகியது. கையை நீட்டியவனைக் கடிக்கப் பாய்ந்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய குரைப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"கிட்ட சேக்க மாட்டேங்குது அண்ணி. நீங்களே புடிச்சிப் போடுங்க" என்று யூரியா சாக்கை விரித்தான்.

தேன்மொழி எழுந்து போனாள். "மின்னி" என்றாள், ஒரே தடவை. அது குரைப்பை நிறுத்திவிட்டு வயிற்றைத் தரையில் தேய்த்தபடி அவளிடம் வந்தது. மூக்கெல்லாம் மண். முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்தொடைகளுக்கு அடியிலும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்கினாள். வால் அவள் முழங்கையில் தட்டித் தட்டி ஆடியது. சாக்குக்குள் இறக்கும்போதும் அது முனகவில்லை. பிரவீன் கட்டும் வரை சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பவன்குமாரைக் குளிப்பாட்டும் நேரத்துக்குப் பிரவீனின் பைக் திரும்பி வந்தது.

"இன்னாடா ஆச்சி?" என்றாள் கங்கம்மாள்.

"மாந்தோப்பு தாண்டி, கோழிக்கடைக்குப் பின்னால கொட்டிட்டேன். அங்க தெருநாய்ங்க பத்து பன்னெண்டு கீது. நான் வண்டி திருப்பறதுக்குள்ளயே சுத்திக்கிச்சு."

கைகழுவிவிட்டுப் பாடை கட்டப் போனான். தேன்மொழியின் காதில் விழுந்தது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். புருசனுக்கென்று நினைத்துப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, பெண்கள் தலைமுழுகி வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் சாம்பாரும் வந்தன. ஈரத்தலையோடு சுவரில் சாய்ந்திருந்த மருமகளின் பக்கத்தில் கங்கம்மாள் வந்து உட்கார்ந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு ஒட்டி உட்கார்ந்ததில்லை. தட்டில் சோற்றை வைத்து, தன் கையாலேயே பிசைந்தாள்.

"நீ எங்கியும் போவாத. நான் கீறேன், பிரவீனு கீறான். உள் ரூம்ல படுத்துக்க. துன்னு."

தேன்மொழி தின்றாள். நேற்றிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. சாம்பார் காரமாக, நன்றாக இருந்தது. தட்டு காலியானது.

"இன்னும் கொஞ்சம் போடட்டா?"

தேன்மொழி தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.