ஞாயிற்றுக்கிழமைப் பாரை

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்களெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும். ஆன்ட்ரூஸுக்கு அந்த நாள்தான் வசதி. ஆற்றுவாயின் இருபுறமும் கடலுக்குள் நீளும் கல்சுவர்களுக்கு நடுவே தண்ணீர் ஒடுங்கி ஓடும் இடத்தில், வலையும் வள்ளமும் குறுக்கே வராமல் தூண்டில் வீசலாம். பிடிப்பான், அளப்பான், படம் எடுப்பான், மறுபடி கடலில் விட்டுவிடுவான். துபாயில் பழகிய விளையாட்டு.

அவன் மனைவி ரெனிஷா கல்லின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்துப் பூசைக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், கேட்டியா. துபாய்க்கு ஒனக்கும் சேத்து டிக்கெட்டு போடட்டா?" என்றான் ஆன்ட்ரூஸ்.

"சொல்லுதேன்."

அவளுக்குப் போகவேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. மகள் பிறந்து அன்றைக்கே இறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்வதற்கு உள்ளே ஏதாவது அசையவேண்டுமே. மாமியார் ரீத்தா மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். பால் வற்றியது. கூடவே வேறென்னவோ வற்றிப்போயிற்று என்று எப்போதாவது தோன்றும். தோன்றிவிட்டு அதுவும் போய்விடும்.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து அவன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் பெட்டியை எடுத்து வைத்திருப்பாள். இனிமேல் கேட்டாலும் போதும். "படம் அனுப்பாத, என்னால பாக்க முடியாது" என்று அன்று போனில் சொன்னவன், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த அல்போன்ஸ் தூரத்திலிருந்து கூவினான்.

"ஏலே ஆன்ட்ரூஸு, விடதுக்கு எதுக்குலே பிடிக்க? நாளைக்கு எனக்க வள்ளத்துக்கு வா. ஒரு கூடை நிறைய மீனு தாறேன், அதையும் கொண்டு விடு!"

"நீரு பூசைக்குப் போனீரா, அதச் சொல்லும்."

"நான் போகல்ல. நான் கடலுக்கும் போகல்லல்லா!"

ஆன்ட்ரூஸ் சிரித்தான். அந்த நேரம் தூண்டில் கம்பு வளைந்தது. நைலான் நரம்பு கிறீச்சிட்டு ஓடியது. அவன் கால்களை அகட்டி ஊன்றி, விட்டுப் பிடித்து, இழுத்து, கடைசியில் வெள்ளியாய் மின்னும் ஒரு பாரை மீனைக் கல்லோரம் கொண்டுவந்தான்.

"ஏட்டி, எனக்க போன் செத்துப்போச்சு. ஒனக்கதுல எடு."

எடுத்தாள். மீனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்தான். இன்னொன்றும் எடுத்தாள். பிறகு அவன் பாசி வழுக்கும் கல்லில் குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் வைத்து, வாலைப் பிடித்தபடி மெல்ல முன்னும் பின்னுமாக அசைத்தான். செவுள் திறந்து மூடும்வரை கையை எடுக்கவில்லை.

"மூச்சு வரணும். வராம விட்டா செத்துப்போவும்," என்றான்.

ரெனிஷா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பொறுமையான கை. மீன் ஒருமுறை துள்ளிப் போயிற்று.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளுடைய போனை வாங்கினான். மீனின் இரண்டாவது படம், முதல் படம். விரல் இன்னும் ஒன்று தள்ளியது. வெள்ளைத் துவாலையில் பொதிந்த குழந்தை, கண் மூடி.

ரெனிஷாவின் மூச்சு நின்றது. இப்போது கேட்பான்.

அவன் முகம் மலர்ந்தது.

"நல்ல உறக்கம். ஜின்சிக்க பிள்ளையா?"

அவளுடைய அக்கா ஜின்சிக்கும் மகள் பிறந்த அதே மாதத்தில்தான் பிள்ளை பிறந்திருந்தது.

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவன் இங்கேயே கல்லில் உட்கார்ந்து அழுவான். அவள் அவன் தோளைத் தடவிக் கொடுக்கவேண்டும். அவனுக்காகவாவது அழவேண்டும்.

"ஆமா," என்றாள்.

"என்னா முடி! மூக்கு அப்பிடியே ஜின்சிதான்."

மூக்கு அவனுடையது. அவன் மீன் படத்துக்குத் திரும்பி அதைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"டிக்கெட்டு ஒங்களுக்கு மட்டும் போடுங்க."

"ஏன்? மேலுக்குச் சொகமில்லியா?"

"ஒண்ணுமில்ல. நான் வரல்ல."

அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதனால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றான். சரி என்றாள். நீரோட்டம் திரும்புவதற்குள் இன்னும் ஒரு தடவை வீசிப் பார்க்கட்டுமா என்றான்.

"வீசுங்க," என்றாள்.